வதரி யாத்திரையின் பருவம்

வடநாட்டுத் திவ்யதேசங்களில் ஆண்டு முழுவதும் மனிதர் கண்ணுக்கு ஸேவை ஸாதிக்காத எம்பெருமான் ஸ்ரீபதரிகாச்ரமத்து நாராயணனே. ஏனைய தலங்களுக்கு எப்போது செல்லலாம் என்பது யாத்ரிகரின் வசதியைப் பொறுத்தது. வதரிக்கோ பனியும் ஆற்று வெள்ளமும் அக்கோயிலின் நெடுநாள் வழக்கமும் காலத்தை வகுத்துவிட்டன. ஆகவே அத்தலத்துக்குச் செல்ல நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது பருவத்தை. தமிழில் பருவம் என்னும் சொல்லுக்கு ஆண்டின் கூறு என்றும், வயதின் நிலை என்றும் இரு பொருள் உண்டு. இந்த யாத்திரையின் வரலாற்றை நோக்கினால் இரண்டு பொருளும் அதில் பின்னிக் கிடப்பது தெரியவரும்.

பதிகங்களின் வரிசை

பெரிய திருமொழியில் திருமங்கையாழ்வார் முதல் பதிகத்தில் திருமந்த்ரத்தின் ஏற்றத்தை அருளிச்செய்து, உடனே வடக்கு நோக்கித் திருவுள்ளத்தைச் செலுத்துகிறார். திருமந்த்ரத்தை எம்பெருமான் தானே ஆசார்யனும் சிஷ்யனுமாய் நின்று, நாரணனாக உபதேசித்து நரனாகக் கேட்டு வெளியிட்ட இடம் பதரிகாச்ரமம் என்பது பூர்வாசார்யர்களின் நிர்வாஹம். மந்த்ரத்தைப் பேசிய வாய் அது பிறந்த மலையைப் பேசுவது பொருத்தமே.

இரண்டாம் பதிகம் திருப்பிரிதி. அங்கே ஆழ்வார் தம் நெஞ்சை நோக்கி, இமயத்தில் உள்ள அத்தலத்தைச் சென்று அடையுமாறு ஏவுகிறார். மூன்றாவதும் நான்காவதும் வதரிக்கு உரியவை. ஐந்தாவது ஸாளக்ராமம், மறுபடியும் நெஞ்சுக்கு ஏவல். ஆறாவது நைமிசாரண்யம், அங்கே ஏவல் இல்லை, வந்து திருவடி அடைந்தேன் என்னும் சரணாகதியே உள்ளது.

ஒரே திவ்யதேசத்துக்கு இரண்டு பதிகங்கள் அடுத்தடுத்து அமைந்தது ஏன்? அவற்றின் வினைமுடிபுகளே விடையைச் சொல்லும். மூன்றாம் பதிகத்தின் பாசுரங்கள் வணக்கத்தைச் சொல்லும் தன்மைப் பன்மை வினையில் முடிகின்றன, அது துணிவு. நான்காம் பதிகத்தின் பாசுரங்கள் எம்பெருமான் கங்கைக்கரையில் அவ்வாச்ரமத்துள் உளன் என்று முடிகின்றன, அது அநுபவம். முன்னது புறப்பாட்டுக்கு முன் செய்யும் ஸங்கல்பம். பின்னது சென்று சேர்ந்தவர் காணும் காட்சி.

அந்த ஸங்கல்பப் பதிகத்தில் ஆழ்வார் எண்ணுவது பனிக்காலத்தையோ மழைக்காலத்தையோ அன்று. முதுமையை. உடல் மூத்துக் கோலே துணையாகி, முதுகு கூனி, கண் சுழன்று, இருமி இளைத்து, முன்பு மதித்த இளமங்கையர் நகைக்கும் நிலை வருமுன் வதரியை வணங்குவோம் என்பதே அப்பதிகத்தின் ஸாரம். யாத்திரைக்கு ஆழ்வார் குறித்த பருவம் வயதின் பருவம். வினை தன்மைப் பன்மையில் அமைந்ததால் இது பிறர்க்கு இட்ட கட்டளையாக நில்லாமல், தம்மையும் உளப்படுத்திக்கொண்ட அழைப்பாக ஆகிறது.

காலால் நடந்த காலம்

இவ்வறிவுரையின் கனம், வழியின் நீளத்தை எண்ணினால்தான் விளங்கும். காவிரிக்கரையிலிருந்து கங்கை சமவெளியில் இறங்கும் இடம் வரை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் நடந்தால் 125 நாட்கள். ஏகாதசி, ச்ராத்தம், நோய், ஆற்றுப்பெருக்கு முதலியவற்றால் நின்ற நாட்கள் தனி. அதன்மேல் ரிஷிகேசத்திலிருந்து வதரி வரை, இன்றைய சாலைக் கணக்கில், 300 கிலோமீட்டர் அளவு மலைவழி. தை பிறந்ததும் புறப்பட்டவர் ஆனிக்குள் சேர்ந்தால் அது விரைவான நடையே. திரும்பும் வழியில் மழைக்காலம் குறுக்கிடும். ஆக, தென்னாட்டார்க்கு வதரி என்பது ஓராண்டை முழுதாக எடுத்துக்கொள்ளும் விரதம்.

கண்டமென்னும் கடிநகராகிய தேவப்ரயாகையில் அலகநந்தையும் பாகீரதியும் கூடுகின்றன; அதற்குக் கீழேதான் நதிக்குக் கங்கை என்னும் பெயர் வழங்குகிறது. அதற்கு மேலே வழி அலகநந்தையைத் தொடர்ந்து செல்லும். சில மைல்களுக்கு ஒரு சட்டி என்னும் தங்குமிடம். அங்கே கடைக்காரரிடம் மாவும் அரிசியும் வாங்கினால் சமைக்கப் பாத்திரமும் படுக்க இடமும் கிடைக்கும். ரிஷிகேசத்தைத் தலைமையிடமாகக் கொண்ட காலீகம்லீவாலா அறநிலையம் பிற்காலத்தில் அவ்வழி நெடுகத் தர்மசாலைகளை அமைத்தது. லக்ஷ்மண் ஜூலாவில் கயிற்றுப் பாலம் இருந்த இடத்தில் 1889-இல் இரும்புத் தொங்குபாலம் வந்தது. 1924 வெள்ளத்தில் அது அடித்துச் செல்லப்பட்டது. 1930-இல் மறுபாலம் திறக்கப்பட்டது.

1886-இல் இருப்புப்பாதை ஹரித்வாரத்தை எட்டியதும் சமவெளி நடை பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் மலைநடை ஒழியவில்லை. 1962 எல்லைப் போருக்குப் பின்னர் ராணுவத் தேவைக்காக மலைச்சாலைகள் விரைந்து அமைக்கப்பட்டன. அதன் பயனாக வண்டி வதரியின் வாசலுக்கே சென்றது. பல மாதங்கள் சில நாட்களாகச் சுருங்கின.

நடை திறப்பும் அடைப்பும்

கோயில் அமைந்த இடம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,100 மீட்டர். நர நாராயண பர்வதங்கள் இருபுறமும், 6,500 மீட்டருக்கு மேற்பட்ட நீலகண்ட சிகரம் பின்புறமும் நிற்க, அலகநந்தைக் கரையில் தப்தகுண்டம் என்னும் வெந்நீர்ச் சுனை பொங்குகிறது. கார்த்திகை தொடங்கியபின் அங்கே பனி இறுகும். மனிதர் தங்குதல் அரிது.

நடை திறக்கும் நாளை வஸந்த பஞ்சமியன்று நரேந்த்ரநகர் அரண்மனையில் குறிக்கிறார்கள். டெஹ்ரி அரசர் பேசும் பதரி என்னும் பொருளில் "போலாந்தா பத்ரி" எனப் போற்றப்பட்டவர். அரசு மாறியபின்னும் இவ்வுரிமை அக்குடும்பத்தில் நிலைத்துள்ளது. திருவாராதனத்துக்கு வேண்டிய எள்ளெண்ணெயை அங்கே ஸுமங்கலிகள் பிழிய, டிம்ரி வகுப்பு அர்ச்சகர்கள் அக்குடத்தை எழுந்தருளப் பண்ணிச் செல்கிறார்கள். அடைக்கும் நாள் விஜயதசமியன்று குறிக்கப்படும். 2024-இல் மே 12-ஆம் நாள் நடை திறந்து நவம்பர் 17-ஆம் நாள் அடைத்தது. தமிழ்க் கணக்கில் அது சித்திரையின் கடைசி நாட்கள் முதல் கார்த்திகையின் தொடக்கம் வரை.

அடைக்கும்போது செய்யும் உபசாரங்கள் கவனிக்கத்தக்கவை. கோடையில் தனி ஸந்நிதியில் இருக்கும் லக்ஷ்மியைக் கர்ப்பக்ருஹத்தில் எம்பெருமானுடன் எழுந்தருளப் பண்ணுகிறார்கள். இதற்காக, கேரளத்து நம்பூதிரியாகிய ராவல், பிராட்டியின் தோழியாகப் பெண்வேடம் பூண்டு கைங்கர்யம் செய்கிறார். மாணா கிராமத்துப் பெண்கள் நெய்த கம்பளத்தை நெய்யில் தோய்த்து எம்பெருமானுக்குச் சாற்றுகிறார்கள். விளக்கேற்றிக் கதவடைக்கிறார்கள். திறக்கும் நாளில் அவ்விளக்கு எரிவதைக் காண்பதும், கம்பளத்தின் நெய் உலராதிருந்தால் அவ்வாண்டு செழிக்கும் என்று கொள்வதும் அந்நாட்டார் வழக்கம். குளிர் தாக்குமே என்று கம்பளம் சாற்றும் அந்தப் பரிவு, பெரியாழ்வாரின் பொங்கும் பரிவைக் கற்றவர்க்குப் புதிதன்று.

ஆறு மாதம் மனிதர் ஆராதனம், ஆறு மாதம் நாரதர் முதலான தேவர் ஆராதனம் என்பது அத்தலத்து ஐதிஹ்யம். இதை வெறும் ஸமாதானமாகக் கொள்வாரும் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு நயம் புலப்படும். மனிதர்க்கு ஓராண்டு தேவர்க்கு ஒரு நாள். தை முதல் ஆனி வரை அவர்க்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. 60 நாழிகையைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பகுத்தால் மாதத்துக்கு ஐந்து நாழிகை. கார்த்திகைத் தொடக்கத்தில் நடை அடைப்பது தேவர்களின் விடியலுக்குப் பத்து நாழிகை முன்பு. சித்திரை முடிவில் திறப்பது விடிந்து இருபது நாழிகை சென்றபின்பு. பகலை ஆறாறு நாழிகையாகப் பகுத்துப் பாஞ்சகாலிக தர்மத்தைப் பொருத்தினால், அபிகமனம், உபாதானம், இஜ்யை ஆகிய மூன்றும் கதவடைத்த காலத்திலேயே நிகழ்ந்துவிடுகின்றன. மனிதர்க்கு எஞ்சுவது ஸ்வாத்யாயத்தின் பெரும்பகுதியும் யோகமும். திருமந்த்ரம் கற்பிக்கப்பட்ட தபோவனத்தில், பத்மாஸனத்தில் யோகத்தில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானிடம் மனிதர்க்குக் கிடைத்த பங்கு, ஓதுவதும் தியானிப்பதும். இது ஓர் ஆகமம் விதித்த முறை அன்று. கணக்கில் தோன்றும் இசைவு மட்டுமே. ஆயினும் அநுஸந்திக்கத் தக்கது.

இதனால் இன்னொன்றும் விளங்கும். திருவரங்கத்தில் அத்யயனோத்ஸவம் நடக்கும் மார்கழி, திருப்பாவை ஒலிக்கும் மார்கழி, வதரியில் கதவடைத்த மாதம். வைகுண்ட ஏகாதசியன்று தென்னாட்டில் பரமபதவாசல் திறக்கும்போது அங்கே திருவாசல் பனியால் மூடியிருக்கும்.

மழையும் சாதுர்மாஸ்யமும்

திறந்திருக்கும் ஆறு மாதமும் செல்லத்தக்கது என்று எண்ணுவது பிழை. ஆனிக் கடைசி முதல் ஆவணி முடிய அம்மலைகளில் மழை கடுமை. 1893-இல் கோனா என்னுமிடத்தில் மலை சரிந்து, அலகநந்தையின் கிளையாகிய பிரஹீ கங்கையை ஏறத்தாழ 900 அடி உயரத்துக்கு அடைத்தது. தேங்கிய ஏரி எப்போது வழியும் என்பதைப் பொறியாளர்கள் முன்கூட்டிக் கணித்தார்கள். கீழே உள்ள ஊர்களை எச்சரிக்கத் தந்திக்கம்பி இழுத்தார்கள். 1894 ஆகஸ்ட் 25-ஆம் நாள் இரவில் அணை உடைந்தது. கர்வால் ஸ்ரீநகர் அழிந்தது. அப்புறப்படுத்தியும் திரும்பிச் சென்ற ஐவர் மட்டுமே மாண்டார்கள். 1970 ஜூலையில் அதே அலகநந்தைப் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் பேலாகூசி என்னும் ஊரையே கொண்டுபோயிற்று. 2013 ஜூன் நடுவில் கேதாரத்தில் நிகழ்ந்த பேரழிவை யாவரும் அறிவர். அப்போது வதரி சென்றிருந்த ஆயிரக்கணக்கானோரும் வழியற்று நின்றார்கள்.

ஸந்ந்யாஸிகள் ஆஷாட பூர்ணிமை முதல் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாஸ்யம் அநுஷ்டிக்க வேண்டும் என்னும் விதியை இங்கே நினைக்க வேண்டும். மழைக்காலத்தில் உயிர்களை மிதியாதிருக்க ஏற்பட்ட அவ்விதி, மலைவழியில் நடப்பவரின் உயிரையும் காத்தது. யதிகளின் அநுஷ்டானத்தைப் பின்பற்றி யாத்திரையை வகுத்த முன்னோர்க்கு இரண்டு பருவங்களே இருந்தன: வைகாசி முதல் ஆனி நடு வரை ஒன்று, புரட்டாசி ஐப்பசி மற்றொன்று. முன்னதில் பனி உருகி ஆறு பெருகும், கூட்டமும் மிகும். பின்னதில் வானம் தெளிந்து சிகரங்கள் தெரியும், குளிர் ஏறும்.

குளிர்காலத்தில் யாரை ஸேவிப்பது?

நடை அடைத்தபின் மூலவர் அங்கேயே இருக்க, உத்தவரும் குபேரனும் பாண்டுகேச்வரத்துக்கு எழுந்தருள்கிறார்கள். கருடனும் சங்கராசார்யரின் ஆஸனமும் ஜோஷிமட் ந்ருஸிம்ஹன் ஸந்நிதிக்குச் செல்கின்றன. அண்மை ஆண்டுகளில் இவ்விடங்களுக்குக் குளிர்கால யாத்திரையை உத்தராகண்ட் அரசு ஊக்குவிக்கிறது. அப்படிச் செல்பவர்க்கு வதரி ஸேவித்த பலன் உண்டா என்ற கேள்வி அடியார்களிடையே எழுகிறது.

இதற்கு ஸம்ப்ரதாயத்தில் விடை தேடுவது கடினமன்று. ஸ்ரீபாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், தன் சோதிக்கு எழுந்தருளுமுன் கண்ணன் உத்தவரைப் பதரிகாச்ரமம் செல்லும்படி நியமிக்கிறான். அந்த நியமனத்தால் வந்தவரே குளிர்காலத்தில் பாண்டுகேச்வரத்தில் காட்சி தருகிறார். எம்பெருமானை ஸேவிப்பதினும் அவன் அடியாரை ஸேவிப்பது ஏற்றமுடையது என்பது திருவெட்டெழுத்தின் உட்பொருளாக ஆசார்யர்கள் கொண்டது. அந்த மந்த்ரம் பிறந்த மலையிலேயே அதன் உட்பொருள் இவ்வாறு உருக்கொண்டு நிற்கிறது. ஆகவே குளிர்கால யாத்திரை வதரி ஸேவைக்குப் பதிலன்று. அது பாகவத ஸேவை என்னும் தனிப் பேறு. இரண்டையும் கலந்து ஒன்றுக்கு மற்றொன்றை ஈடாக்குவதே தவறு.

ஜோஷிமட்டோ பலராலும் திருப்பிரிதியாக ஸேவிக்கப்படுவது. திவ்யதேச வைபவ நூல்கள் பிரிதிக்குச் சொல்வது கிடந்த திருக்கோலம். அங்கே ஸேவை ஸாதிப்பவன் ந்ருஸிம்ஹன். ஆதலால் ஐயம் கொள்வாரும், பிரிதியை மானஸஸரஸ்ஸின் அருகே தேடுவாரும் உண்டு. ஆனால் வழியின் வரிசை ஜோஷிமட்டுக்குச் சாதகமாக நிற்கிறது. வதரிக்கு ஏறும் யாத்ரிகர் அதைக் கடந்தே செல்ல வேண்டும். ஆழ்வாரும் பிரிதியைப் பாடியபின்னரே வதரியைப் பாடினார். இது முடிந்த முடிபுக்குப் போதாது. எளிதில் தள்ளவும் இயலாது.

அந்த ஊரே இன்று ஆபத்தில் உள்ளது. பழைய நிலச்சரிவின் மண்மேட்டில் ஜோஷிமட் அமைந்துள்ளது, அங்கே பெருங்கட்டுமானம் தகாது என்று 1976-இல் மிஸ்ரா குழு எச்சரித்தது. 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்து 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் பிளவு கண்டது. குடும்பங்கள் வீடு விட்டு வெளியேறின. ந்ருஸிம்ஹனின் ஒரு திருக்கை மெலிந்து வருகிறது, அது முறியும் நாளில் வதரி வழி அடைபட்டு வழிபாடு பவிஷ்யபதரிக்கு மாறும் என்பது அங்குள்ள பழமொழி. அது விதி என்று வாளா இருப்பதற்காக முன்னோர் சொன்னதாகத் தோன்றவில்லை. எண்ணிக்கையற்ற விடுதிகளும் அகன்ற சாலைகளும் வேண்டுவோர் யாத்ரிகரே. ஆதலால் அம்மண்ணின் பாரத்தில் அவர்களுக்கும் பங்குண்டு.

குளிர்காலத்தில் ஜோஷிமட்டுக்கும் பாண்டுகேச்வரத்துக்கும் அப்பால் செல்ல முயல்வது தகாது. 2025 பிப்ரவரி 28-ஆம் நாள் மாணாவின் அருகே பனிச்சரிவில் சாலைத் தொழிலாளர் 54 பேர் சிக்கி, எண்மர் உயிர் நீத்தார்கள். சாலையைத் திறந்து வைக்கும் பணியில் இருந்தவர்களுக்கே இந்நிலை. முன்னோர் அம்மாதங்களைத் தேவர்க்கு விட்டது காரணமற்றதன்று.

வயதின் பருவம்

வழி சுருங்கியதால் நேர்ந்த ஒரு மாற்றம் இன்னும் போதிய அளவு எண்ணப்படவில்லை. நடந்து சென்ற காலத்தில் உடல் வலியுள்ளவரே புறப்பட்டார்கள். ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக ஏறியதால் மெலிந்த காற்றுக்கு மார்பு பழகியது. இன்று வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மக்களை மணம் செய்வித்தபின், வதரி கடைசிக் கடமையாக வைக்கப்படுகிறது. சமவெளியிலிருந்து இரண்டு நாளில் 3,100 மீட்டர் ஏறி, அதிகாலையில் குளிரில் வரிசையில் நின்று, அன்றே இறங்கும் திட்டம் எழுபது வயதினர்க்கு வகுக்கப்படுகிறது. ஒவ்வொரு பருவத்திலும் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் யாத்ரிகர் உயிரிழக்கிறார்கள். அரசு முன்பதிவைக் கட்டாயமாக்கி உடல்சோதனையை வலியுறுத்துவது இதனால்தான். ஆழ்வார் எந்நிலைக்கு முன்னே செல்வோம் என்றாரோ, அந்நிலை வரும்வரை காத்திருந்து செல்வதே வழக்கமாகிவிட்டது.

ஆகவே யாத்திரையை வகுப்பவர் இரு பருவத்தையும் நோக்க வேண்டும். ஆண்டின் பருவம் வைகாசி அல்லது புரட்டாசி. வயதின் பருவம், கோல் ஊன்றாத வயது. முதியோர் உடன்வருவதாயின், தேவப்ரயாகையில் ஓரிரவு, ஜோஷிமட்டில் இரண்டிரவு தங்கி ஏறுவது நலம். கண்டமென்னும் கடிநகரையும் பிரிதியையும் ஸேவித்ததாகவும் ஆகும், உடல் மலைக்குப் பழகியதாகவும் ஆகும். திரும்பும் நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாட்களை ஒழிவாக வைப்பது, சரிவால் வழி அடைபட்டால் உதவும். இளையோர் தம் பெற்றோரை ஒருநாள் அனுப்பலாம் என்று ஒத்திவையாமல், தாமே முன்சென்று வழி கண்டு வருவது ஆழ்வார் திருவுள்ளத்துக்கு இசைந்தது.

செல்ல இயலாதவர் வருந்த வேண்டுவதில்லை. அவ்வெம்பெருமான் வெளியிட்ட திருமந்த்ரம் ஆசார்யன் வழியாக இருந்த இடத்திலேயே வந்து சேர்ந்திருக்கிறது. மலையேறி ஸேவித்தாலும், மார்கழி விடியலில் கதவடைத்த அத்திருவாசலை நெஞ்சால் நினைத்தாலும், அநுஸந்திக்க வேண்டியது அந்த மந்த்ரமே. ஆனால் செல்ல வல்லவர் இதைக் காரணம் காட்டி நாளை கடத்துதல் தகாது. துணிவைச் சொன்ன பதிகம் முன்னும், கண்டதைச் சொன்ன பதிகம் பின்னும் அமைந்தது, துணிந்தவர்க்கே காட்சி என்பதைக் காட்டுவதற்காகவே.